சிவப்பரிசியைச் சுற்றி வந்த செய்தித்தாள்

அன்புள்ள தம்பிக்கு,

பூடானிலிருந்து நீங்கள் வாங்கிவந்து கொடுத்தனுப்பிய சிவப்பரிசி பத்திரமாக வந்து சேர்ந்தது. அரிசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த குயென்செல் நாளிதழின் இரண்டு பக்கங்களைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "இவ்வளவு அமைதியான நாட்டில் பத்திரிகையும் போராட்டமும் யாருக்குத் தேவை? எல்லாவற்றையும் அரசர் பார்த்துக்கொள்கிறார்" என்று உங்கள் பயணக்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அங்கே போய்வரும் நம்மவர் பலரும் இப்படியே சொல்வதால், மறுமொழியைப் பொதுவில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கருத்து புதிதன்று. 2005-06-ல் அரசியல் சட்டத்தின் வரைவை எடுத்துக்கொண்டு நான்காம் அரசரும் பட்டத்து இளவரசரும் இருபது மாவட்டங்களுக்கும் சென்றபோது, பூடான் மக்களே எழுந்து நின்று, எங்களுக்கு அரசர் போதும், கட்சியும் தேர்தலும் வேண்டாம் என்று மன்றாடினார்கள். இன்றைய அரசர் நல்லவராக இருக்கலாம், நாளை வருபவர் எப்படி இருப்பார் என்று யாருக்குத் தெரியும், பிறப்பால் மட்டுமே பதவிக்கு வரும் ஒருவரிடம் ஒரு நாட்டின் விதியை ஒப்படைக்கக் கூடாது என்பதே அரசர் தரப்பின் பதிலாக இருந்தது. ஆக, நீங்கள் யாரை நம்பச் சொல்கிறீர்களோ அவரே உங்கள் வாதத்தை ஏற்கவில்லை. 2008 மார்ச் 24 அன்று நடந்த முதல் தேர்தலில் 47 இடங்களில் 45 ஒரே கட்சிக்குப் போயின. எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தவர்கள் இரண்டே பேர். அப்படிப்பட்ட நாடாளுமன்றத்துக்கு வெளியே கேள்வி கேட்க ஆள் வேண்டாமா?

இனி அந்த இரண்டு பக்கங்களுக்கு வருகிறேன். முக்கால் பங்கு இடத்தை ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் அடைத்துக்கொண்டிருந்தன: சாலைக்கு, பள்ளிச் சுற்றுச்சுவருக்கு, அலுவலக மேசை நாற்காலிக்கு. ஒரு மூலையில் மட்டும் செய்தி. பூடான் பத்திரிகைகளின் நாடித்துடிப்பு இந்த அறிவிப்புகளில்தான் இருக்கிறது. 2017 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகையே சுமார் 7.35 லட்சம், தனியார் நிறுவனங்கள் சொற்பம், ஆகவே பெரிய விளம்பரதாரர் அரசாங்கம்தான். 2006-ல்தான் முதல் தனியார் இதழ்கள் வந்தன, சில ஆண்டுகளில் எண்ணிக்கை பத்தைத் தாண்டியது, அரசு செலவைச் சுருக்கியதும் ஒவ்வொன்றாக இளைத்தன. முதலில் வந்தவற்றுள் ஒன்றான பூடான் அப்சர்வர் 2013-ல் அச்சை நிறுத்தியது. நில ஒதுக்கீட்டு முறைகேடுகளைத் தொடர்ந்து எழுதிய தி பூடானீஸ் இதழுக்கு விளம்பரம் தர வேண்டாமென 2012-ல் தகவல் அமைச்சகத்திலிருந்தே சுற்றறிக்கை போனது. தணிக்கை அதிகாரி எதற்கு? எழுதுகிறவருக்குக் கிடைக்கும் கூலி தானாக நின்றுவிடுமே.

எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2022-ல் 33-ஆம் இடத்தில் இருந்த பூடான் 2024-ல் 147-க்கு இறங்கியதை நீங்கள் படித்திருக்கலாம். எனக்கு அந்த எண்ணைவிட இந்த இரண்டு பக்கங்களே அதிகம் சொல்கின்றன.

மக்கள் பேசவே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. 2011-ல் இந்திய எல்லை ஊரான ஜெய்கானிலிருந்து 120 ரூபாய் பெறுமானமுள்ள மெல்லும் புகையிலையைக் கொண்டுவந்த இளம் துறவி ஒருவருக்கு, புதிதாக வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி மூன்றாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. சாலையில் இறங்கிப் பழக்கமில்லாத மக்கள் ஃபேஸ்புக்கில் இறங்கினார்கள். பத்திரிகைகளும் வாதத்தை எடுத்துக்கொண்டன. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் குறைத்தது. எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள்கூட வீசாட் செயலியில் குரல்பதிவு அனுப்பித் தங்கள் மொழியிலேயே வழக்காடுவார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் எட்டாத மனிதர்கள் அவர்கள்.

குடிமைச் சமூகத்தின் கதை இன்னும் விசித்திரமானது. தாராயனா, ரினியூ போன்ற பெயர்பெற்ற அமைப்புகளைத் தொடங்கியவர்கள் அரசியார்களே. நல்ல பணிகள்தான், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ரினியூ புகலிடம் தருவதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அரண்மனையிலிருந்து தொடங்கும் அமைப்பு அரண்மனையைக் கேள்வி கேட்காது.

கேட்கப்படாத அந்தக் கேள்வி பண்பாட்டைப் பற்றியது. உங்கள் படங்களில் எல்லோரும் அழகாக அணிந்திருக்கும் 'கோ' என்ற ஆண்கள் உடையையும் 'கிரா' என்ற பெண்கள் உடையையும் தெற்கே வாழ்ந்த நேபாளி மொழியினரான லோட்ஷாம்பா மக்கள்மீதும் 1989-ல் கட்டாயமாக்கினார்கள். பள்ளிகளில் நேபாளி மொழிப்பாடம் நின்றது. அதற்குச் சற்று முன்பே, 1988 கணக்கெடுப்பில், தலைமுறைகளாக உழுதவர்கள் பலர் அயலார் என்று எழுதப்பட்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிழக்கு நேபாளத்தின் முகாம்களுக்குத் துரத்தப்பட்டவர்களிலும் அங்கே பிறந்த பிள்ளைகளிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 2007-க்குப் பின் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் குடியேறினார்கள். இவர்களைப் பற்றி அந்நாட்டுப் பத்திரிகைகளில் மிக அரிதாகவே பேச்சு எழுகிறது. நீங்கள் தலைநகர் திம்புவில் கண்ட அமைதியில் இந்த மௌனமும் ஒரு பங்கு, தம்பி. மொழி பறிபோவதென்றால் என்னவென்று அறிந்த நாம் இதைக் கவனிக்காமல் படமெடுத்துத் திரும்புவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அடுத்த முறை போகும்போது, பொட்டலம் கட்டாத முழு நாளிதழ் ஒன்றை வாங்கி வாருங்கள். வாசகர் கடிதங்கள் இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்