தருமபுரி மைக் செட் அண்ணனுக்கு

அண்ணே, உங்க பேரைக்கூடக் கேட்கலை. தருமபுரியில குடும்பக் கதை சொல்ற கூட்டத்துக்கு செட் போட வந்திருந்தீங்க.

1965-ல தருமபுரி தனி மாவட்டம் ஆகுற வரைக்கும் கலெக்டர் ஆபீஸ் சேலத்துலதான். பட்டாவுக்காக எங்க தாத்தா களி உருண்டையைத் துணியில முடிஞ்சுக்கிட்டு அங்க போன கதையைச் சொல்ல எழுந்தேன். மனப்பாடம் பண்ணினது ரெண்டாவது வரியிலேயே நின்னுபோச்சு. ஆளாளுக்குப் போனைப் பார்க்க ஆரம்பிச்சாங்க.

அப்போ ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல இருந்து நீங்க "ம்" கொட்டினீங்க. தெருக்கூத்துக்கு செட் போட்ட பழக்கமோ என்னமோ! "ராத்திரி எங்க படுத்தாரு?"ன்னு கேட்டீங்க. பஸ் ஸ்டாண்டுல, செருப்பைத் தலைக்கு வெச்சு. பாட்டி சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் வாய் தானா பேசிச்சு. நடுவுல வந்து மைக்கை என் உயரத்துக்கு இறக்கிட்டும் போனீங்க.

முடிச்சுட்டுத் தேடினா, ஒயரைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிட்டீங்க. பட்டா கிடைச்சுதான்னு விசாரிச்சீங்களாம். கிடைச்சுதுண்ணே. ரொம்ப நன்றி.