மாப்ளே, நம்பரை விடு, ரிம்மைப் பார்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பேத்தி ஸ்கூலில் சேர்ந்தது, ஓசூரில் வாடகை ஏறினது எல்லாம் சரி, ஆனால் கடைசியில், ஊர்வலம் பாதி தூரம் போவதற்குள் உதடு மரத்துப் போகிறது, அதனால் டிரம்பெட்டுக்குப் பெரிய மவுத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும் முனை) வாங்கப் போகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் உடனே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் பொறு.

பெரியது என்று எதைச் சொல்கிறாய்? உன்னிடம் இருக்கும் பாக் கம்பெனியின் 7சி மவுத்பீஸில் உள்வட்டத்தின் குறுக்களவு சுமார் 16.2 மில்லிமீட்டர், அதே பாக்கில் 1சி 17 மில்லிமீட்டர். பாக்கில் நம்பர் குறையக் குறைய வாய் அகலம், யமஹாவில் நம்பர் ஏற ஏற அகலம், அதனால் கடையில் வெறும் நம்பரைச் சொல்லி வாங்காதே. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லையே என்று சிரிப்பாய், ஆனால் உதட்டுக்கு அது தெரியும். உள்வட்டம் அகலமானால் உள்ளே அதிர்கிற சதை கூடும், சத்தம் கனமாக வரும், கீழ் ஸ்தாயி நன்றாகப் பேசும், அந்தச் சதையைப் பிடித்து நிறுத்த வாய்த் தசைக்கும் வேலை கூடும். ஏற்கெனவே ஓய்ந்துபோகிற உதட்டுக்கு அதுவா மருந்து?

மரத்துப் போவது அழுத்தத்தால். அதற்குப் பார்க்க வேண்டியது உள்வட்டத்தை அல்ல, உதட்டில் பதிகிற விளிம்பு இருக்கிறதே, அந்த ரிம்மின் அகலத்தையும் வளைவையும். தர்மபுரியில் மாரியம்மன் பண்டிகைக்கு நாம் ஊதிக்கொண்டே நடப்போமே, ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மவுத்பீஸ் வந்து பல்லில் இடிக்கும். ரிம் ஒல்லியாக இருந்தால் அந்த இடி முழுக்க ஒரே கோட்டில் இறங்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், அகலமாக இருந்தால் பரவிப் போகும். சர்ச்சில் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு இந்தக் கவலை குறைவு.

ஆனால் அகல ரிம் உதட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சினிமாப் பாட்டில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் இடமெல்லாம் கொஞ்சம் கட்டையாக வரும், உருண்டையான ஒல்லி ரிம்மில் அது வெண்ணெய் மாதிரி போகும். என்னைக் கேட்டால் ஊர்வலம்தான் உனக்குச் சோறு போடுகிறது, அந்தக் குழைவில் கொஞ்சம் போனால் போகட்டும்.

ரிம்மின் உள் விளிம்பை விரலால் தடவிப் பார். கூராக இருந்தால் சுரம் பட்டென்று பிடிக்கும், உதட்டில் கடிக்கவும் செய்யும். மழுங்கலாக இருந்தால் சுகம், ஆரம்பம்தான் சற்றுக் குழறும். நடுவாக இருப்பதே நல்லது. மேல் சுரம் எட்டவில்லை என்ற புலம்பலுக்குக் ரிம்முக்கு உள்ளே கிண்ணம் மாதிரி இருக்கும் கப்பின் ஆழத்தைப் பார்க்க வேண்டும், அதை இதோடு சேர்த்துக் குழப்பாதே. இன்னொன்று, உன் பழையதில் வெள்ளிப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிறதா? சிலருக்கு அதுவே உதட்டில் எரிச்சல் கொடுக்கும்.

பாக்கிலேயே 7சிடபிள்யூ என்று ஒன்று உண்டு, அகல ரிம். கிடைத்தால் அதை வாங்கு, கடையில் ரெண்டு ஊது ஊதி முடிவு கட்டாமல் சில வாரம் அதிலேயே வாசி, இடையில் பழையதைத் தொடாதே. ஆடிப் பண்டிகைக்கு வரும்போது ரெண்டையும் எடுத்து வா, என்னுடையதையும் வைத்து மாற்றி மாற்றி ஊதிப் பார்ப்போம், ஆனால் கழுவி எடுத்து வா, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் பழைய செகண்ட் டிரம்பெட்