பீச் காப்ளர்: மேக்கனிலிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம்

மேக்கன், ஜார்ஜியா, அமெரிக்கா
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் இங்கே நலம். நீங்களும் அத்தானும் குழந்தைகளும், உங்களோடு இருக்கும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நான் அனுப்பிய படத்தில் கண்ணாடிப் பாத்திரம் நிறையப் பொன்னிறமாக இருந்தது என்ன பண்டம், அது கேக்கா, வேறு ஏதாவதா என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டீர்கள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் 'பீச் காப்ளர்' என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். புதிதாக வாங்கிய ஓவனில் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது மனத்திலேயே நின்றுவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு காப்ளரை இப்போதுதான் ஓவனுக்குள் வைத்தேன். அது வெந்து முடிவதற்குள் உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காப்ளர் கேக்கும் அன்று, பை என்று இவர்கள் சொல்லும் மூடிய பண்டமும் அன்று. பழத்துண்டுகள் அடியில் தம் சாற்றிலேயே வெந்து குழைந்திருக்க, அவற்றின் மேல் மேடும் பள்ளமுமாக மாவு எழும்பி வெந்திருக்கும். அந்த மேற்பரப்பு, கல் பாவிய பழைய தெருவைப் போல் இருப்பதால் இந்தப் பெயர் வந்தது என்று இங்கே சொல்கிறார்கள். சிலர் பிசைந்த மாவைக் கிள்ளிக் கிள்ளிப் பழத்தின் மேல் வைப்பார்கள். சிலர் சப்பாத்திபோல் தேய்த்து மூடுவார்கள். நான் செய்வது மூன்றாவது வகை, எல்லாவற்றிலும் எளியது. இதில் முட்டை கிடையாது. அதனால் அம்மாவும் தயக்கமில்லாமல் சாப்பிடலாம். முதன்முதலில் எனக்கு இது பிடித்துப்போனதற்கே அது ஒரு காரணம்.

நாங்கள் இருக்கும் மாநிலத்தின் பெயரோடு பீச் பழம் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டிகளின் எண் பலகையில்கூட அந்தப் பழத்தின் படம் உண்டு. இந்த நாட்டில் மிகுதியாக விளைவிப்பது கலிஃபோர்னியா, அடுத்தது தென் கரோலினா என்றாலும், ஜார்ஜியாவும் 1995-இல் பீச்சைத் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. எங்கள் வீட்டிலிருந்து தெற்கே அரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகக் காரில் போனால் ஃபோர்ட் வேலி என்ற சிற்றூர் வருகிறது. அது தலைநகராக இருக்கும் மாவட்டத்துக்குப் பெயரே பீச் கவுண்டி. அதற்குச் சற்றுத் தள்ளியிருக்கும் மார்ஷல்வில் என்ற ஊரில்தான், 1870-களில் சாமுவேல் ரம்ப் என்ற விவசாயி, நெடுந்தூரம் ரயிலில் அனுப்பினாலும் நசுங்காத ஒரு பீச் வகையை வளர்த்தெடுத்து, அதற்குத் தம் மனைவியின் பெயரான எல்பர்ட்டா என்பதையே வைத்தார். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஃபோர்ட் வேலியில் திருவிழா நடத்தி, 11 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள தொட்டியில் காப்ளர் செய்து, வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக வழங்குகிறார்கள்.

இத்தனை இருந்தும், நாங்கள் வந்து சேர்ந்த முதல் கோடையில் எங்களுக்குப் பழம் கிடைக்கவில்லை. 2023 ஜனவரியில் வந்தோம் அல்லவா? அந்தக் குளிர்காலம் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்தது. நடுக்கத்தோடு வந்த எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பீச் மரங்களுக்கோ அதுவே கேடாகிவிட்டது. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரில் பல நூறு மணி நேரம் உறங்கி எழுந்தால்தான் அம்மரங்கள் ஒழுங்காகப் பூக்கும். அந்த உறக்கம் போதாமல் போனது ஒருபுறம் இருக்க, வெப்பத்தில் முந்திப் பூத்தவற்றை மார்ச் மாதத்தில் திடீரென்று வந்த உறைபனி கருக்கிவிட்டது. அந்த ஆண்டு மாநிலத்தின் விளைச்சலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துபோனது. சாலையோரக் கடைகள் மூடிக் கிடந்தன.

அந்த ஜூலையில்தான் பக்கத்து வீட்டு அம்மையார் என்னை முதன்முறையாகத் தம் சமையலறைக்கு அழைத்தார். எழுபது வயதைக் கடந்தவர். இளமையில் கோடை விடுமுறைகளிலெல்லாம் பீச் தரம்பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர். நல்ல பழத்தில் செய்து காட்ட முடியவில்லையே என்று உண்மையிலேயே வருந்தினார். ஆனாலும், "மாவுக்குப் பழம் எதுவென்று தெரியாது" என்று சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு பெரிய டின்னை எடுத்தார். அளவுக்கரண்டி எதையும் அவர் தொடவில்லை. ஒரு கப் மாவு, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால், அவ்வளவுதான் கணக்கு. வெண்ணெய் உருகிய பாத்திரத்தில் மாவை ஊற்றிப் பழத்தைப் பரப்பியதும், கையைத் துடைத்துக்கொண்டு, "இனி இதைத் தொடாதே" என்று என்னிடம் அழுத்தமாகச் சொன்னார்.

மறுவாரம் நான் தனியாகச் செய்தபோது தொட்டுவிட்டேன் அக்கா. மாவை ஊற்றியதும் உருகிய வெண்ணெய் ஓரங்களில் குளம் கட்டி மேலே மிதந்தது. அது கலக்காமல் கிடக்கிறது, வீணாகிவிடும் என்று தோன்றவே, பழக்கத்தில் கரண்டியை விட்டு நன்றாகக் கலக்கிவிட்டேன். வெந்து வந்தது, அடியில் எண்ணெய்ப் பசையும் நடுவில் களியுமாக, மேலே மொறுமொறுப்பே இல்லாத ஒரு கட்டி. அந்த மிதக்கும் வெண்ணெய்க்கு ஒரு வேலை இருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. ஓரங்களில் தேங்கும் அது, மாவின் விளிம்பைப் பொரித்து எடுக்கிறது. பேக்கிங் பவுடரிலிருந்து எழும் வாயு மாவை உப்பவைக்க, மாவு கீழிருந்து பழங்களுக்கு இடையே புகுந்து மேலேறி அவற்றைத் தானே மூடிக்கொள்கிறது. கலக்கிவிட்டால் இந்த இரண்டும் கெட்டுப்போகும்.

இந்த ஆண்டு குளிரும் போதுமான அளவு இருந்தது. மரங்களும் காய்த்துக் குலுங்கின. மே மாத நடுவில் வரும் பழங்களில் சதை கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கிளிங்ஸ்டோன் என்பார்கள். அவற்றை நறுக்குவது பெரும்பாடு. ஜூன் பிற்பாதியிலிருந்து வரும் ஃப்ரீஸ்டோன் பழங்களைச் சுற்றிலும் கீறி இரு கைகளாலும் திருகினால், கொட்டை சுத்தமாகப் பிரிந்து வந்துவிடும். பழத்தின் சிவப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பது அம்மையார் சொல்லித்தந்த பாடம். அந்தச் சிவப்பு வெயில் பட்டதால் வருவது. காம்பு இருந்த குழியைச் சுற்றியுள்ள நிறம் பச்சை நீங்கி நல்ல மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோகும் முன்பே மணக்க வேண்டும். காயாக இருப்பதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சாறு வற்றி மாவாகிவிடும். நான் ஒரு கூடை பழத்தை அப்படி வீணாக்கியிருக்கிறேன். காகிதப் பையில் போட்டு வெளியிலேயே இரண்டு நாள் வைத்தால் பதமாகக் கனிந்துவிடுகிறது.

தோலுரிப்பதுதான் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்தது. பழத்தின் அடியில் சிலுவைபோல் லேசாகக் கீறி, கொதிக்கும் நீரில் முக்கால் நிமிடம் விட்டு, உடனே பனிக்கட்டி போட்ட தண்ணீருக்கு மாற்ற வேண்டும். கீறிய இடத்தில் தோல் தானாகவே சுருண்டு நிற்கும். அந்த நுனியைப் பிடித்து இழுத்தால் பட்டுத்துணி நழுவுவதுபோல் முழுத் தோலும் கையோடு வந்துவிடுகிறது. தோலிலிருந்த சிவப்பு சதையின் மேல் மெல்லிய சாயமாக ஒட்டியிருக்கும். கொட்டை இருந்த குழியைச் சுற்றி அடர்சிவப்பு நரம்புகள் தெரியும். என் மகள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தோலுரித்த பழங்களை எண்ணிக் கிண்ணத்தில் போடுவாள். எண்ணிக்கை எப்போதும் ஒன்றிரண்டு குறைகிறது.

இனி அளவுகளைச் சொல்கிறேன். 9 அங்குலத்துக்கு 13 அங்குலப் பாத்திரத்துக்கு ஏறத்தாழ 900 கிராம் பழம் வேண்டும். தோலுரித்து நறுக்கினால் நான்கு கப் வரும். அதில் அரை கப் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி பட்டைத்தூள் சேர்த்துப் பிரட்டி 20 நிமிடம் வைத்தால் சாறு விட்டுக்கொள்ளும். எலுமிச்சை, பழம் கறுத்துப்போகாமல் காக்கும். இதற்கிடையே ஓவனை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடேற்றுங்கள்; உங்கள் ஓவனில் அது 175 அல்லது 180 டிகிரி செல்சியஸ். 113 கிராம் வெண்ணெயைப் பாத்திரத்தில் வைத்து உள்ளே தள்ளினால் சில நிமிடங்களில் உருகிவிடும். சிவந்துபோகும் முன் எடுத்துவிட வேண்டும். ஒரு கப், அதாவது 125 கிராம் மைதாவில் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு கப் சர்க்கரை சேர்த்து, ஒரு கப் பாலை ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள். தோசை மாவைவிடச் சற்றே நீர்க்க இருக்கும். அதை வெண்ணெயின் மேல் ஊற்றுங்கள். அதன் மேல் பழத்தைச் சாற்றோடு பரப்புங்கள். பிறகு கரண்டியை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஓவனில் மணி அடிக்கிறது. பார்த்துவிட்டு வருகிறேன்.

இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். மேலே நிறம் வந்துவிட்டது, ஆனால் ஓரத்தில் சாறு இன்னும் வேகமாக, சின்னச் சின்னக் குமிழிகளாகக் கொதிக்கிறது. அது கெட்டிப்பட்டு, சோம்பலாகப் பெரிய குமிழிகள் விட வேண்டும். அதுதான் நான் நம்பும் அடையாளம். நடுவில் குச்சியைக் குத்தினால் ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும். மொத்தத்தில் 45-லிருந்து 55 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர் வழக்கம் ஒன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் தெருவில் உள்ளவர்களும் தேவாலயத்துக்காரர்களும் சமைத்த உணவைக் கொண்டுபோய் அடுக்கிவிடுகிறார்கள். இந்த மே மாதக் கடைசியில் பக்கத்து வீட்டு அம்மையாரின் தம்பி காலமானார். எனக்கு வாயில் ஆறுதல் சொல்ல ஆங்கிலம் போதவில்லை. காப்ளர் செய்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டு மேசையில் ஏற்கெனவே ஏழெட்டுப் பாத்திரங்கள் இருந்தன. அங்கிருந்த ஒரு பெண்மணி என் பாத்திரத்தை வாங்கி, தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தார். பெயர் இல்லை என்றதும் காகித ஒட்டுநாடாவைக் கிழித்து என் பெயரைக் கேட்டு எழுதி அடியில் ஒட்டினார். எல்லாரும் அப்படி ஒட்டித்தான் கொண்டுவருவார்களாம், பாத்திரம் உரியவரிடம் திரும்பிச் சேர வேண்டுமே. என் பெயரின் எழுத்துகளை இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்து எழுதினார். ஒன்றரை ஆண்டில் இந்தத் தெருவில் என் பெயரை ஒருவர் அவ்வளவு கவனமாகக் கேட்டு எழுதியது அன்றுதான். அந்த ஒட்டுநாடாவை நான் இன்னும் பிரிக்கவில்லை. இன்று ஓவனில் இருப்பதும் அதே பாத்திர வகைதான், ஆனால் அந்தப் பாத்திரம் அன்று. அதைச் சூட்டில் வைத்தால் எழுத்து கருகிவிடுமே என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்களுக்குச் சில குறிப்புகள். உங்கள் ஓவன் சிறியது என்றீர்கள். எல்லாவற்றையும் சரிபாதியாக்கி, 8 அங்குலச் சதுரப் பாத்திரத்தில் செய்யுங்கள். 40 நிமிடத்தில் பார்க்கத் தொடங்குங்கள். டின் பழம் தாராளமாகப் போதும். அதன் பாகை வடித்து இரண்டு மேசைக்கரண்டி மட்டும் வைத்துக்கொண்டு, பழத்தில் போடச் சொன்ன சர்க்கரையை அடியோடு விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் திகட்டும். பேக்கிங் பவுடருக்குப் பதிலாக ஆப்ப சோடாவைப் போட்டுவிடாதீர்கள். இரண்டும் வெள்ளையாக இருந்தாலும், சோடா மிகுந்தால் சோப்பு வாடை வரும். குழந்தைகள் பீச் கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னக் கூடாது. அதில் நஞ்சாக மாறும் பொருள் இருக்கிறது. டின் பழத்தில் பெரும்பாலும் கொட்டை இருக்காது என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது எடுத்து வைத்துவிட்டேன். மூலைகள் நான்கும் கரும்பழுப்பாகி, பாகு கண்ணாடியோடு ஒட்டியிருக்கின்றன; மூலைத் துண்டுக்குத்தான் எங்கள் வீட்டில் சண்டை. சூட்டோடு வெட்டினால் சாறு தண்ணீராக ஓடிவிடும். அரை மணி நேரமாவது ஆறினால்தான் அது மாவோடு சேர்ந்து நிற்கும். பிறகு வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெனிலா ஐஸ்கிரீமோடு சாப்பிட வேண்டும். அம்மாவுக்கு ஐஸ்கிரீம் வேண்டாம், தொண்டை கட்டிக்கொள்ளும். வெறுமனே கொடுங்கள், ஓரத்துண்டாகப் பார்த்துக் கொடுங்கள். முதல் முறை செய்ததும் மேலேயிருந்து ஒரு படமும், ஒரு துண்டை எடுத்தபின் பக்கவாட்டிலிருந்து ஒரு படமும் அனுப்புங்கள். அடியில் எப்படி வெந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை