பெயர் மாறட்டும், அடையாளம் சொல்லுங்கள்

சர்வதேச விலங்கியல் பெயரிடல் ஆணையத்தாருக்கும், பாக்டீரியாக்களின் பெயர்களுக்குப் பொறுப்பான சர்வதேச புரோகேரியோட்டு வகைப்பாட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் உயிரினங்களுக்குப் பெயர் வைப்பவன் அல்ல. நீங்கள் ஒப்புக்கொண்ட பெயர்களை எழுதிப் பிழைப்பவன். நுண்ணோக்கியில் பார்த்தும், வளர்ப்புத் தட்டில் முளைத்ததைச் சோதித்தும் "இது இன்னது" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுவதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. அந்த ஒரு வரியை நம்பித்தான் மருத்துவர் மருந்து எழுதுகிறார். உங்கள் விதித்தொகுப்பில் ஒரு சொல் அசைந்தாலும் அதன் ஆட்டம் என் மேசை வரைக்கும் வரும்.

பெயரை அடிக்கடி மாற்றுகிறீர்களே என்று சண்டை பிடிக்க வரவில்லை. அந்தப் புலம்பலை நீங்கள் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். 2020-இல் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாப் பேரினத்தை உடைத்து 23 புதிய பேரினங்களை உண்டாக்கியபோது நானும்தான் முணுமுணுத்தேன். லாக்டிகேசிபேசில்லஸ், லாக்டிபிளான்டிபேசில்லஸ் என்று நாலு முறை எழுதினால் கை வலிக்கிறது. ஆனால் அந்தப் பழைய பேரினம் ஒரு மூட்டை. ஒட்டும் உறவும் இல்லாத 260-க்கும் மேற்பட்ட சிற்றினங்களை அதற்குள் திணித்து வைத்திருந்தோம். மூட்டையை அவிழ்த்ததில் தப்பில்லை. அதிகம் புழங்கும் சிற்றினங்கள் போய்ச் சேர்ந்த புதிய பேரினங்களின் பெயர்கள் அதே 'எல்' எழுத்தில் தொடங்கும்படி பார்த்துக்கொண்டது கூடுதல் நயம், சுருக்கி எழுதினால் எல். கேசி இன்றைக்கும் எல். கேசிதான். 2016-இல் குடலைத் தாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாவைக் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் ஆக்கியபோதும் இதே கரிசனம் இருந்தது. மருத்துவமனைகளில் எல்லோரும் சொல்லும் 'சி. டிஃப்' பிழைத்துக்கொண்டது. இப்படி மாற்றினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுங்கள்.

என் குறை பெயரைப் பற்றியது அல்ல, அந்தப் பெயரோடு வரவேண்டிய விவரிப்பைப் பற்றியது. அதற்கு இரண்டு பழைய கதைகளை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

முதல் கதை அமீபாவுடையது. எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா குடலைப் புண்ணாக்கும், சிலருக்குக் கல்லீரல் வரை போய்ச் சீழ் வைக்கும். ஆனால் மலத்தில் இதே அமீபா தெரிந்தும் ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறவர்கள்தான் அதிகம். ஏன் என்று பலரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க, 1925-இல் பிரெஞ்சு ஒட்டுண்ணியியலாளர் எமில் ப்ரம்ப்ட், இது ஒன்றல்ல, இரண்டு சிற்றினங்கள் என்றார். தீங்கில்லாததற்கு எண்டமீபா டிஸ்பார் என்று பெயரும் வைத்தார். அவர் சொன்னது சரி. ஆனால் கண்ணால் பார்த்துப் பிரிக்க ஓர் அடையாளத்தை அவரால் தர முடியவில்லை. நுண்ணோக்கியில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். பெரும்பாலோர் அவரை நம்பவில்லை. நொதிகளிலும் மரபணுக்களிலும் வேறுபாடு துலங்கி, 1993-இல் டயமண்டும் கிளார்க்கும் ஹிஸ்டோலிட்டிகாவை மறுபடி விவரித்து எழுதிய பிறகுதான் டிஸ்பாருக்கு வாழ்வு வந்தது. இடைப்பட்ட 68 ஆண்டுகளில் எத்தனை பேர் தேவையில்லாமல் மருந்து விழுங்கியிருப்பார்கள்!

இரண்டாவது கதை கொசுவுடையது. ஐரோப்பாவில் ஒரு புதிர் இருந்தது: மலேரியா பரப்புவதாகச் சொல்லப்பட்ட அனாஃபிலிஸ் மாகுலிபென்னிஸ் கொசு மண்டிக் கிடக்கும் சில ஊர்களில் மலேரியாவே இல்லை. ப்ரம்ப்ட் எழுதியதற்கு அடுத்த ஆண்டு, 1926-இல், இத்தாலியப் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய ஃபல்லெரோனி கொசுவை விட்டுவிட்டு முட்டையைப் பார்த்தார். முட்டையின் மேலுள்ள கோலம் கொசுவுக்குக் கொசு மாறியது. வளர்ந்த கொசுக்களைப் பார்த்துப் பிரிக்க முடியாதவர்கள் முட்டைகளைப் பார்த்துப் பிரித்தார்கள். கூட்டத்தில் சில மனிதரைக் கடிப்பவை, சில கால்நடைகளையே நாடுபவை என்று 1930-களிலேயே தெளிவாகிவிட்டது. எந்தக் கொசுவை ஒழித்தால் மலேரியா குறையும் என்பதும் அதோடு தெரிந்தது.

ஓராண்டு இடைவெளியில் வந்த இரண்டு கண்டுபிடிப்புகள். இரண்டும் உண்மை. ஒன்று பல பத்தாண்டுகள் தூங்கியது, மற்றது சில ஆண்டுகளிலேயே வேலைக்கு வந்தது. ஒன்றில் பெயர் மட்டும் இருந்தது. மற்றதில் ஓர் உருப்பெருக்கி வைத்திருக்கும் எவரும் சரிபார்க்கக்கூடிய அடையாளமும் சேர்ந்து இருந்தது.

இனி உங்கள் விதிகளுக்கு வருகிறேன். விலங்கியல் ஆணையத்தாரே, 2000-ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ள உங்கள் நான்காம் பதிப்பின் 13-ஆவது விதி, 1930-க்குப் பிறகு வெளியான பெயர் செல்லுபடியாக என்ன வேண்டும் என்கிறது. அந்த உயிரினத்தைப் பிறவற்றிலிருந்து "வேறுபடுத்துவதாகக் கருதப்படும்" பண்புகளைச் சொற்களில் கூறும் விவரிப்பு வேண்டும். யார் கருதுவது? பெயர் வைத்தவரே. அந்தப் பண்பு நிஜமாகவே பிரிக்கிறதா, எந்த நெருங்கிய உறவினரிடமிருந்து பிரிக்கிறது என்பதெல்லாம் விதியின் கண்ணில் படாது. வேறு நிபுணர் படித்துப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சொந்தமாக ஓர் இதழ் அச்சிட்டு, அதில் தானே எழுதி, தானே ஒப்புதல் கொடுத்துக்கொண்டாலும் பெயர் பெயர்தான். முந்தி வந்தது என்பதால் நல்ல ஆய்வாளர் பின்னால் வைக்கும் பெயரையும் அது தள்ளிவிடும். அறிவியல் சுதந்திரத்தில் கை வைக்க மாட்டோம் என்கிறீர்கள். சரி. ஆனால் அந்தச் சுதந்திரத்தின் செலவை யார் தலையில் கட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள்.

2021-இல் கோஸ்டா ரிகாவின் ஒட்டுண்ணிக் குளவிகளில் 403 புதிய சிற்றினங்கள் ஒரே கட்டுரையில் வெளியாயின. பெரும்பாலானவற்றுக்கு விவரிப்பு என்பது ஒரு புகைப்படமும், டிஎன்ஏ பார்கோடு வரிசையும் (சிற்றினத்தை அடையாளம் காண உதவும் ஒரு சிறு டிஎன்ஏ துண்டின் எழுத்து வரிசை)தான். ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளின் ஊர்வலம் 'சொற்கள்' ஆகுமா என்று வகைப்பாட்டியலாளர்கள் அடித்துக்கொண்டார்கள். என் மனம் இரண்டு பக்கமும் சாய்கிறது. உலகில் சுமார் 87 லட்சம் யூகேரியோட்டுச் சிற்றினங்கள் (விலங்கு, தாவரம், பூஞ்சை போல செல்லுக்குள் உட்கரு உள்ளவை) இருக்கலாம் என்பது 2011-இல் வந்த மதிப்பீடு. அதில் பட்டியலில் ஏறியவை அப்போது 12 லட்சம்தான். ஒரு மாதிரி சேகரிக்கப்பட்டு, அது புதிய சிற்றினம் என்று எழுதப்படுவதற்குச் சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு குளவியின் ஒவ்வொரு மயிரையும் அளந்துகொண்டிருந்தால் காடு போய்விடும், குளவியும் போய்விடும். ஆகவே அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் பார்கோடு மட்டும் இருந்தால், வரிசைப்படுத்தும் கருவி இல்லாதவர் கையில் இருக்கும் குளவி பெயரில்லாக் குளவிதான். பழைய அருங்காட்சியகப் பெட்டிகளில், டிஎன்ஏ சிதைந்துபோன மாதிரிகளோடு ஒப்பிடவும் முடியாது. எழுதியவர் கையில் குளவிகள் இருந்தனவே, பக்கத்துச் சிற்றினத்திலிருந்து பிரிக்க ஒரே ஒரு வரி போட்டிருக்கலாம். பார்வையில் வேறுபாடு இல்லையென்றால் "பார்வையில் வேறுபாடு காணவில்லை" என்று எழுதலாம். அதுவும் எங்களுக்குப் பயனுள்ள தகவல்தான்.

பாக்டீரியாக் குழுவினரே, உங்கள் வீட்டில் நிலைமை தலைகீழ். விலங்குப் பக்கம் கதவு விரியத் திறந்திருக்கிறது என்றால், நீங்கள் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். புதிய சிற்றினத்தின் மூலமாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைக்கும் மாதிரி, உயிருள்ள வளர்ப்பாக இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் இருந்தாக வேண்டும். பெயர் உங்கள் இதழில் வெளியாக வேண்டும், அல்லது அதன் ஏற்புப் பட்டியலில் இடம்பெற வேண்டும். இந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். 1980-இல் பழைய பெயர்க் குப்பையை ஒரே வீச்சில் பெருக்கித் தள்ளி, ஒப்புக்கொள்ளப்பட்ட பட்டியலோடு புதிதாகத் தொடங்கிய துணிச்சல் வேறு யாருக்கும் வரவில்லை. ஆனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் நம் தட்டுகளில் வளர்வதில்லை. முழு ஜீனோம், அதாவது மொத்த மரபணுத் தொகுப்பு, கையில் இருந்தும் அவை 'கேண்டிடேட்டஸ்' என்ற காத்திருப்பு அறையில் கிடக்கின்றன. ஜீனோம் வரிசையையே மூலமாதிரியாக ஏற்கலாம் என்ற யோசனையை 2020-இல் நிராகரித்தீர்கள். விளைவு, 2022-இல் ஜீனோம் வரிசையை மூலமாதிரியாக ஏற்கும் சீக்கோட் என்று தனியாக ஒரு விதித்தொகுப்பே பிறந்துவிட்டது. இப்போது ஒரே பாக்டீரிய உலகத்துக்கு இரண்டு பதிவேடுகள். இது யாருக்கும் நல்லதில்லை. 2006-இல் அருணாசலப் பிரதேசத்தில் புகுன் லியோசிக்லா என்ற பறவையை விவரித்தபோது, அதைக் கொல்லாமல் சில இறகுகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு பறக்கவிட்டார்கள். விலங்குப் பக்கம் அது போதுமானதாக இருந்தது. முழு ஜீனோம் சில இறகுகளை விடக் குறைந்த சான்றா?

இரண்டு வீட்டுக்கும் நடுவே தவிப்பவையும் உண்டு. நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் வெகு காலம் புரோட்டோசோவா, அதாவது அமீபா போன்ற ஒருசெல் உயிரி, என்று கருதப்பட்டது. பிறகு பூஞ்சை என்று தெரிந்தது. மனிதரில் வாழும் சிற்றினத்தின் பெயர் விலங்கியல் விதிப்படி ஜிரோவெசி, பூஞ்சைகளுக்கும் பொருந்தும் தாவரவியல் விதிக்குப் போனதும் கடைசியில் இன்னொரு 'ஐ' சேர்ந்தது. ஓர் எழுத்துதானே என்று நினைக்காதீர்கள். தரவுத்தளத்தில் தேடும் கணினிக்கு அவை இரண்டு உயிரினங்கள்.

விலங்கியல் ஆணையம் ஐந்தாம் பதிப்பைத் தயாரித்துக்கொண்டிருக்கும் வேளை இது. அதில் "கருதப்படும்" என்ற சொல்லோடு நிற்காமல், நெருங்கிய சிற்றினம் எது, அதிலிருந்து எதைக்கொண்டு பிரிப்பது, அதற்கு என்ன கருவி தேவை என்ற மூன்றையும் கட்டாயமாக்குங்கள். மின்வடிவ வெளியீடுகளுக்கு 2012-இல் கொண்டுவந்த ஜூபேங்க் (விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடு) பதிவை அச்சுக்கும் விரியுங்கள். பாக்டீரியாக் குழு சீக்கோட்காரர்களோடு உட்கார்ந்து பேசட்டும். எந்த விதித்தொகுப்பின் கீழ் மாற்றினாலும், பழைய பெயரின் கீழ் வந்த எந்தெந்த ஆய்வு முடிவுகள் புதிய பெயருக்குப் பொருந்தும், எவை பொருந்தாது என்று மாற்றுகிறவரே ஒரு பத்தி எழுத வேண்டும். அதை வேறு எவரையும் விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இன்று காலையும் ஓர் அமீபாவைப் பார்த்தேன். என்னிடம் இருப்பது நுண்ணோக்கி மட்டும்தான். அறிக்கையில் "எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா அல்லது டிஸ்பார்" என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
உங்கள் பெயர்களைத் தினமும் எழுதும் ஒருவன்