கோப்பை கொடுத்தவர் பெயர் இருக்கிறது, வாங்கியவள் பெயர் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு ஊர் ராமேசுவரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். ராமநாதபுரத்தில் பி.காம் படிக்கிறேன், கல்லூரி கபடி அணியில் லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிக்கும் இடத்தில் ஆடுகிறேன். படிப்பு முடிந்ததும் விளையாட்டு நிருபர் ஆக வேண்டும் என்று ஆசை. எங்கள் வீட்டில் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரிப்பவள் நான்தான். அந்த உரிமையில் உங்கள் மாவட்டப் பக்கத்தைப் பற்றி ஒரு குறை.

எங்கள் பக்கம் நடக்கும் போட்டிகளைப் பற்றிய செய்தி எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல வருகிறது. மின்னொளி கபடிப் போட்டி நடந்தது, இன்னார் தலைமை வகித்தார், இன்னார் முன்னிலை வகித்தார், இன்னார் வரவேற்றார், முதல் பரிசை இன்னார் வழங்கினார், இன்னார் நன்றி கூறினார். நடுவில் எங்கோ ஓரிடத்தில் ஓர் அணி வென்றதாக அரை வரி. எத்தனைக்கு எத்தனை? எதிரணிப் பக்கம் போய்ப் பாடியது யார், வந்தவரைப் பிடித்தது யார்? ஒன்றும் இருக்காது. படத்தில் விருந்தினர்கள் கோப்பையின் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்பார்கள். ஆடியவர்கள் அவர்கள் தோளுக்குப் பின்னால் பாதி முகத்தோடு தெரிவார்கள்.

ஒருமுறை நானே ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்த்து எழுதி ஒரு நாளிதழுக்கு அனுப்பினேன். முதல் பாதியில் பின்தங்கிய அணி, உள்ளே மூன்றே பேர் மிச்சம் இருக்கும்போது அடுத்தடுத்து இரண்டு சூப்பர் டேக்கிள் பிடித்து ஆட்டத்தையே திருப்பியது. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல் என்பது கபடி பார்ப்பவர்களுக்குத் தெரியும். பிடித்தது யார், எந்தக் காலைப் பிடித்தாள், பாட வந்தவள் நடுக்கோட்டைத் தொட எவ்வளவு தூரம் மிச்சம் இருந்தது என்று எல்லாம் எழுதியிருந்தேன். அச்சில் வந்தது இரண்டு வாக்கியம். போட்டியைத் தொடங்கிவைத்தவர் பெயர் மட்டும் பட்டத்தோடு, பதவியோடு, ஓர் எழுத்துகூடக் குறையாமல் வந்திருந்தது!

பழியை நிருபர்கள் தலையில் மட்டும் போட மாட்டேன். போட்டி நடத்துபவர்களே விருந்தினர் பட்டியலைத் தட்டச்சு செய்து கையில் கொடுத்துவிடுகிறார்கள், ஸ்கோர் ஷீட்டை யாரும் கொடுப்பதில்லை. அதோடு, இந்தக் கரையில் ஒரு நிருபருக்கு வேலை கொஞ்சநஞ்சமா? காலையில் படகு பிடிபட்ட செய்தி, மத்தியானம் ஆட்சியர் அலுவலகம், சாயங்காலம் கோயில் கூட்டம். பாம்பனில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் அன்றைக்கே செய்தியாகிறது, ஆக வேண்டியதுதான். ஆனால் ராமேசுவரம் தீவு என்றால் கைது, புயல், பாலம் இவை மட்டும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் ஊர்களில் ஆட்டம் எப்போது சூடு பிடிக்கும் தெரியுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள், ராத்திரி முழுக்க விளக்குப் போட்டு ஆடுவார்கள். அங்கே மைக் பிடித்து வர்ணனை சொல்லும் அண்ணன்மார்தான் என் கணக்கில் இந்த மாவட்டத்தின் சிறந்த விளையாட்டு நிருபர்கள். பாட வருபவன் தெற்குவாடிக்காரன், போன வருடம் உச்சிப்புளியில் இவன்தான் கடைசிப் புள்ளி எடுத்தான், இவனுக்கு இடது கை நீளம், பார்த்து நில்லுங்கள் என்று ஆளின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார்கள். விடிந்ததும் அதெல்லாம் காற்றோடு போய்விடுகிறது.

பெண்களுக்கு அதுவும் குறைவு. ஆண்கள் போட்டிக்கு நடுவே ஒரு காட்சி ஆட்டம் வைத்தால் பெரிய விஷயம். நாங்கள் ஆடுவது பெரும்பாலும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில்தான். அதற்குப் படும் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். விடியுமுன் கடற்கரை மணலில் ஓட்டம். ஆடி மாதம் கச்சான் காற்று அடித்தால் மூச்சுக்குப் பதில் மணல்தான் உள்ளே போகும். அப்புறம் குளித்துவிட்டு பஸ், பாம்பன் பாலம், வகுப்பு, சாயங்காலம் பயிற்சி, மறுபடி பஸ். வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். போட்டிக்குப் போன நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) போட்டுத் தருவார்கள், ஆனால் அன்றைக்கு நடந்த பாடத்தை யார் போட்டுத் தருவது? உள்மதிப்பீட்டுத் தேர்வை மறுபடி எழுத ஆளாளுக்குக் கையெழுத்து வாங்கி அலைய வேண்டும். பயிற்சி மண்ணில், போட்டி 'மேட்' என்கிற விரிப்பில். மண்ணில் வெறுங்காலோடு சறுக்கிப் போய்க் கணுக்காலைப் பிடித்துவிடலாம். விரிப்பில் ஷூ அப்படியே நின்றுவிடும், உடம்பு மட்டும் போகும். முட்டி திரும்புவது இதனால்தான். இப்படி ஆடி ஜெயித்துவிட்டு மறுநாள் பேப்பரைப் பிரித்தால் 'பரிசு பெற்ற மாணவிகள்' என்று மட்டும் இருக்கும். அம்மாவுக்குக் காட்ட ஒரு பெயர்கூட இருக்காது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணிகள் தங்கம் வென்றபோது, கண்ணகி நகர் கார்த்திகாவையும் வடுவூர் அபினேஷையும் பற்றி எல்லாப் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாக எழுதின. சந்தோஷமாக இருந்தது, வெட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அவர்களும் ஒரே நாளில் பஹ்ரைனுக்குப் போய்விடவில்லை. அதற்கு முன்னால் ஆடிய ஊர் ஆட்டங்களும் பள்ளி ஆட்டங்களும் எத்தனை பேப்பரில் பெயரோடும் புள்ளியோடும் வந்திருக்கும்?

நீ ஆடுகிற ஆட்டத்தை நீயே எழுதுவது சரியா என்று சிலர் கேட்பார்கள். சரியில்லைதான். சொந்த அணி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கார்னரில் நிற்பவளுக்குப் பாட வருபவளின் காலைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. குதிகால் எப்போது தூக்குகிறாள், எந்தப் பக்கம் பாரம் போடுகிறாள் என்பதிலேயே அந்த முப்பது விநாடியும் போய்விடும். அதனால் நான் எழுத நினைப்பது மற்றவர்கள் ஆடும் ஆட்டத்தைத்தான்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விருந்தினர்கள் ஒரு வரிக்குள் அடங்கட்டும். இரண்டு அணியின் புள்ளி, அதிகம் பாடி எடுத்தவர், அதிகம் பிடித்தவர், ஆட்டம் திரும்பிய இடம் இவை வந்தால் போதும். பெரும்பாலானவை நடுவர் மேசையில் இருக்கும் ஸ்கோர் ஷீட்டிலிருந்து கிடைக்கும். அதில் சில நேரம் பனியன் எண் மட்டும்தான் இருக்கும் என்பதால் எண்ணுக்கு நேரே பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே அணியில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது எங்கள் பக்கம் சகஜம், எனவே இனிஷியல் முக்கியம்.

மின்னொளி ஆட்டத்தின் இறுதிப்போட்டி முடிய விடிந்துவிடும், அதற்குள் உங்கள் மாவட்டப் பதிப்பு அச்சாகியிருக்கும் என்பது தெரியும். ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் எங்கள் ஊரில் படிப்பார்கள். மண்டபத்திலிருந்து ராமேசுவரம் வரை நடக்கும் போட்டிகளின் ஸ்கோர் ஷீட்டைப் படம் எடுத்துப் பெயர்களோடு அனுப்ப நான் தயார். எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்குள் அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி கபடி வீராங்கனை ஒருத்தி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.