அடுத்த முறை அந்தப் பிள்ளைகளை அனுப்பிவிடாதீர்கள்

சிங்கப்பூரில் சிலேத்தார், லோயாங், சாங்கி வட்டாரங்களில் விமானப் பராமரிப்பு நிறுவனங்களை நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

38 ஆண்டுகள் ஹேங்கரில், அதாவது விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகையில், வேலை பார்த்துவிட்டு 2021இல் ஓய்வு பெற்றவன் நான். தொழில்நுட்பராகச் சேர்ந்து, உரிமம் பெற்ற விமானப் பொறியாளராக வெளியே வந்தேன். இப்போது நீங்கள் ஆள் கிடைக்கவில்லை என்கிறீர்கள். அனுபவமுள்ளவர்கள் வேண்டும் என்று விளம்பரம் செய்கிறீர்கள். அதைப் படித்த பிறகு இந்த மடலை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா சிலேத்தாரில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்தார். படைகளைத் திருப்பி அழைத்துக்கொள்ளப் போவதாக 1968 ஜனவரியில் லண்டன் அறிவித்தது. 1971 முடிவதற்குள் பெரும்பாலும் போய்விட்டார்கள். அந்தத் தளங்களைச் சுற்றி நடந்த வரவுசெலவு தீவின் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அப்போது எனக்கு ஒன்பது வயது. எனக்கு நினைவிருப்பதெல்லாம் அப்பாவின் கருவிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனதுதான். ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குப் போனார். விமான எஞ்சினைக் காதால் கேட்டே கோளாறு சொல்லக்கூடிய மனிதர்.

1975இல் நம் விமானப்படையின் விமானங்களைப் பழுதுபார்க்க சிங்கப்பூர் ஏரோஸ்பேஸ் மெயின்டனன்ஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. இன்றைய எஸ்டி எஞ்சினியரிங்கின் விமானப் பிரிவுக்கு வேர் அதுதான். அதற்கு முன்பே, 1967இல், தோட்டா செய்வதற்காகச் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் வந்திருந்தது. சின்ன நாடு தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்த வேலைகள் இவை. போர் விமானத்தில் பழகிய கைகள் பிறகு பயணிகள் விமானத்துக்கும் வந்தன. அப்பாவும் அந்த ஆண்டுகளில்தான் ஒரு பட்டறையில் மறுபடி சேர்ந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துரு துடைத்த அன்று அம்மா பாயசம் வைத்தார்.

இன்று இங்கே 130க்கும் மேற்பட்ட விமானத் தொழில் நிறுவனங்கள் இருக்கின்றன. உலக விமானப் பராமரிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்தத் தீவில் நடக்கிறது. அப்பா ஸ்பேனர் பிடித்த அதே சிலேத்தாரில் 2012 முதல் ரோல்ஸ் ராய்ஸ் ட்ரெண்ட் விமான எஞ்சின்களைப் பாகம் பாகமாகப் பொருத்திக் கட்டுகிறார்கள். முழு விமானம் எதையும் நாம் கட்டி விற்பதில்லை. வந்த விமானத்தைத் திறந்து, பார்த்து, சரிசெய்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம். உலகம் நமக்குப் பணம் கொடுப்பது அந்தக் கையெழுத்துக்காக.

அந்தக் கையெழுத்து எப்படி உருவாகிறது என்று உங்களில் கணக்குப் பார்ப்பவர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். எஞ்சினுக்குள் டர்பைன் பிளேடு என்ற தகடு சுழலும் இடத்தில் காற்றின் வெப்பம், அந்த உலோகமே உருகும் அளவைத் தாண்டியது. பிளேடுக்குள் நுண்ணிய துளைகள் வழியாகக் குளிர்காற்று ஓடுவதால்தான் அது தாங்குகிறது. துளை அடைபட்டால் பிளேடு சூடேறும், விளிம்பில் நிறம் மாறும், பிறகு விரிசல். போரோஸ்கோப் என்ற கேமராக் குழாயை உள்ளே விட்டுத் திரையில் பார்க்கும்போது, ஒரு கோடு வெறும் கரியா விரிசலா என்று முடிவெடுக்க வேண்டும். கையேட்டில் அளவுகள் இருக்கின்றன. ஆனால் எங்கே நிறுத்தி இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் வரும். விடியற்காலை மூன்று மணிக்கு, ஆறு மணி விமானம் காத்திருக்கும்போது, “இது போகாது” என்று சொல்லும் துணிவும் அப்படித்தான் வரும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலிருந்து வரும் பிள்ளை அந்த இடத்துக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும்.

சரி, கொவிட் வந்த 2020க்கு வருகிறேன்.

சாங்கியில் 2019இல் 68.3 மில்லியன் பயணிகள், 2020இல் 11.8 மில்லியன். விமானம் பறக்காவிட்டால் நமக்கு வேலை இல்லை, அது எனக்கும் புரியும். அரசாங்கமும் கைகொடுத்தது. வேலை ஆதரவுத் திட்டத்தில் விமானத் துறை ஊழியரின் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளிக்கு 75 விழுக்காடு வரை கிடைத்தது. அப்படியும் நான் இருந்த இடத்தில் என் குழுவிலிருந்து மூன்று பேர் போனார்கள். ஒருவன் ஏழு ஆண்டு அனுபவம் உள்ளவன், உரிமத் தேர்வில் பாதிப் பாடங்களை முடித்திருந்தான். தமிழ்ப் பையன், ஈசூனில் எங்கள் புளோக்கிலேயே வீடு. அவனை யாரும் நீக்கவில்லை, அவனாகவே போனான். காரணம் ஓவர்டைம். அவன் கையில் வாங்கிய பணத்தில் பெரும்பகுதி அடிப்படைச் சம்பளமே இல்லை; இரவு வேலை, கூடுதல் நேரம் என்று சேர்ந்தது. விமானங்கள் நின்றதும் அது ஒரே மாதத்தில் காணாமல் போனது. வீட்டுக் கடன் நிற்கவில்லை.

இன்று அவன் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறான். போன வருடம் திரும்ப வரச் சொல்லி அழைப்பு வந்ததாம். “அண்ணே, அடுத்த தடவையும் இப்படித்தானே நடக்கும்?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

2024இல் சாங்கி மறுபடி 67.7 மில்லியனைத் தொட்டது. ஹேங்கர்கள் நிறைந்திருக்கின்றன. இந்தோனீசியாவின் பாத்தாமிலும் மலேசியாவின் சுபாங்கிலும் நிலமும் கூலியும் நம்மைவிட மலிவு. அங்கேயும் நல்ல பட்டறைகள் இருக்கின்றன. விலையில் அவர்களோடு நாம் போட்டி போட முடியாது. நம்மிடம் இருப்பது பழகிய கைகள்.

அதனால் கேட்கிறேன். நல்ல காலமான இப்போதே, அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியும் என்ற நிலைக்கு அதை உயர்த்துங்கள். உரிமத்துக்குப் படிக்கும் பிள்ளைக்கு, விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் இந்த ஆண்டு உன் இடம் பத்திரம் என்று எழுத்தில் கொடுங்கள். ஒரு நிறுவனத்தில் வேலை குறைந்தால் வேலை இருக்கும் பக்கத்து நிறுவனத்துக்குச் சில மாதம் அனுப்பிவைக்க உங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். போட்டியாளர்கள்தான், தெரியும். ஆனால் சிலேத்தாரில் உங்கள் வேலிகளுக்கு நடுவே இருப்பது ஒரு சாலைதானே. அப்புறம், அறுபதைத் தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பும் முன் ஓராண்டாவது ஓர் இளையவரோடு இணைத்து வையுங்கள். எனக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. போரோஸ்கோப் திரையின் முன் நான் கற்றதில் பாதியை யாருக்கும் சொல்லாமலே வந்துவிட்டேன்.

கூப்பிட்டால் இப்போதும் வருவேன். வாரத்தில் இரண்டு இரவு போதும், ஓவர்டைம் வேண்டாம். வரும்போது அந்தப் பையனிடமும் பேசிப் பார்க்கிறேன். அவனிடம் காட்ட உங்கள் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டும்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து,
ஓய்வுபெற்ற விமானப் பொறியாளர் ஒருவர்