ஊர்ச் சங்கத்தின் 2024 ஆண்டறிக்கை: பூட்டிக் கிடக்கும் வீடுகளும் காஸ் சிலிண்டர்களும்

அங்கத்தவர்களுக்கும், கட்டார், சவூதி, பிரான்ஸ், சுவிஸ், லண்டன் என்று இருந்துகொண்டு இதை வாசிக்கப்போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா நடந்தது. சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடந்தது. நவம்பர் வெள்ளத்தில் உலருணவு கொடுத்தோம். விபரங்கள் கூட்டக் குறிப்பில் இருக்கின்றன.

நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, பூட்டிய வீடுகளில் நிற்கிற சிலிண்டர்களை எடுத்து இரவல் கொடுக்கிற எங்கள் காஸ் சிலிண்டர் திட்டத்தைப் பற்றி. சங்கத்துக்கு இது ஒரு வேலையா என்று பொதுக்கூட்டத்திலேயே கேட்டார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தமும் வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறையும் ஒன்றாக வருகின்றன, 2024இல் தீர்த்தம் ஓகஸ்ட் 4. அந்த நாட்களில் ஊருக்கு வருகிற குடும்பங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காஸ் தேடுகின்றன. வெறும் சிலிண்டர் கையில் இல்லாவிட்டால் காஸுக்கு மேலே சிலிண்டருக்கும் தனியாகக் காசு கட்ட வேண்டும், சில கிழமை தங்கிவிட்டுப் போகிறவர்கள் அதற்கு யோசிக்கிறார்கள். இன்னொரு பக்கம், பூட்டிய வீடுகளின் குசினிகளில் 12.5 கிலோ சிலிண்டர்கள் வருடக்கணக்காகச் சும்மா நிற்கின்றன. உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பில் சம்மதம் கேட்டு, உறவினரிடம் சாவி வாங்கி, அவற்றை எடுத்துப் பரிசோதித்து, யாருடையது யாரிடம் போனது என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தோம். எடுத்தவர் காஸுக்கு மட்டும் காசு கட்டுவார், திரும்பப் போகும்போது சிலிண்டரை ஒப்படைப்பார். வந்தவர்கள் போன பிறகு அதே சிலிண்டர்கள், தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஈர விறகை ஊதுகிற அம்மம்மாக்களின் வீடுகளுக்குப் போயின. திட்டத்தில் எனக்கு மிகவும் பெறுமதியாகத் தெரிவது இதுதான்.

பரிசோதனை என்று சும்மா சொல்லவில்லை. ஒரு வீட்டில் ஈரச் சீமெந்தில் நின்ற சிலிண்டரின் அடி வளையம் உதிர்கிற அளவுக்குத் துருப்பிடித்திருந்தது, றப்பர் குழாயை எலி கடித்திருந்தது. ரெகுலேட்டரைப் பூட்டிச் சவர்க்கார நுரையைத் தடவினால் கழுத்தடியில் குமிழி குமிழியாக எழும்பியது. அதை உடனே வெளி வளவுக்குக் கொண்டுபோய் வைத்தோம், முகவரிடம் திருப்பிக் கொடுத்தோம். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் நிலத்தோடு பரவித் தேங்கும், மேல் யன்னலை மட்டும் திறந்துவிட்டால் போதாது. 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பிரான்ஸிலிருந்து வருகிறவர்கள் தயவுசெய்து அங்கத்தைய ரெகுலேட்டரைக் கொண்டுவர வேண்டாம், வால்வு வேறு, இங்கே பொருந்தாது.

விலையைப் பற்றி வெளிநாட்டிலிருந்து அடிக்கடி கேட்கிறீர்கள். லிட்ரோ நிறுவனத்தின் 12.5 கிலோ சிலிண்டரின் கொழும்பு விலை 2024 ஜனவரியில் 4,250 ரூபா, ஜூலையில் 3,690க்கு இறங்கியது, அதற்கு மேலே மட்டக்களப்புக்கு ஏற்றுகூலி சேரும். 2021 ஒக்டோபருக்கு முன் இதே சிலிண்டர் 1,493 ரூபா. கட்டாரில் இருப்பவர்கள் அங்கத்தைய விலையோடு இதை ஒப்பிட்டுக் கோபப்படுகிறார்கள். அங்கே காஸ் அந்த நாட்டிலேயே எடுக்கப்படுகிறது. இங்கே கப்பலில் வர வேண்டும், சவூதி அரம்கோ எண்ணெய் நிறுவனம் மாதாமாதம் அறிவிக்கிற விலையும் டொலரும் ஏறினால் எங்கள் அடுப்பிலும் ஏறும். கட்டாரில் உங்களிடம் இருக்கிற, ஒளி ஊடுருவுகிற ஷஃபாஃப் சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று வெளியிலிருந்தே பார்க்கலாம், எங்களுடையது இரும்பு, தூக்கிப் பார்த்துத்தான் மதிக்க வேண்டும். மாரியில் மன்னம்பிட்டிப் பக்கம் மட்டக்களப்பு வீதியை வெள்ளம் மூடினால் லொறியும் வராது. அந்த நேரத்தில் ஒரு முகவர் நிறுவனம் அறிவித்த விலைக்கு மேலே கேட்டார், பற்றுச்சீட்டு தரச் சொன்னதும் சரியான விலைக்குக் கொடுத்தார். எல்லோரும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வந்ததில் பெரும்பகுதி வெள்ள நிவாரணத்துக்கும் புதுக் குழாய், ரெகுலேட்டர் வாங்கவும் போனது, கையிருப்பு கொஞ்சம்தான்.

சந்தாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மாதச் சந்தா ஒரு சிலிண்டர் விலையில் சின்னத் துண்டு, அதையும் வருடம் முழுக்கத் தராதவர்கள் பலர். ஊரில் இருக்கிற நிர்வாக சபையினரில் சிலர் கூட்டத்துக்கு வருவதே இல்லை. சிலிண்டரை ஓட்டோவில் ஏற்றி இறக்குவதற்கு நானும் இரண்டு இளைஞர்களும்தான் நின்றோம், அந்தப் பிள்ளைகள் ஓட்டோக் கூலியைக்கூடத் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். சங்கம் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சாவி தந்த குடும்பங்களுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த வருடம் இந்தப் பொறுப்பை வேறொருவர் எடுத்தால் கொப்பியை முழுதாக ஒப்படைப்பேன். யாரும் முன்வராவிட்டால் நான் தொடர்ந்து செய்வேன், ஆனால் வெறும் கையோடு செய்ய முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் இரண்டு விடயங்களை அறிவியுங்கள்: உங்கள் வீட்டில் சிலிண்டர் இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது. நிலுவைச் சந்தாவையும் அப்போதே அனுப்பினால் ஆடிக்கு முன் குழாய்களை மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்